பதினேழு அடி முகப்பு, நான்கு அறை, ஒரு கறிவேப்பிலை மரம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஒழுங்கையையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மாமனார் வழியில் வந்த நாலரைப் பேர்ச்சஸ் காணி. முகப்பு 17 அடி, நீளம் 72 அடி, வடக்கு வாசல். அதில் ஓடு போட்ட பழைய வீடு. மழை வந்தால் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டும். மேற்கே ஏழு மாடித் தொடர்மாடி. கிழக்கே இதே மாதிரி இன்னொரு பழைய வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வீட்டில் வாசகி, கணவர், முழங்கால் வருத்தமுள்ள மாமி, வேலைக்குப் போகும் மகள், உயர்தரம் படிக்கும் மகன் என்று ஐந்து பேர். பழையதை இடித்து நான்கு மாடி கட்டி, உச்சி மாடியை வாடகைக்கு விட யோசனை. தெரிந்த ஒருவர் பிளானும் கீறித் தந்துவிட்டார்: நான்கு எல்லையையும் தொட்டு நிற்கும் கட்டடம், கிழக்குச் சுவர் முழுக்க யன்னல், எல்லா அறைக்கும் ஏசி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி, கனடாவிலிருக்கும் மைத்துனரின் யோசனை.

"எங்கட காணி, எல்லை மட்டும் கட்டலாம்தானே. பக்கத்து வீட்டு அன்ரியும் யன்னலுக்கு ஓம் என்று சொல்லிவிட்டா" என்கிறாராம் கணவர். வாசகிக்கு மனம் ஒப்பவில்லை. "பிளானைப் பார்க்க சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கினது போல இருக்கிறது. இந்த அகலத்தில் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வருமா, இல்லாவிட்டால் விற்றுவிட்டு ஒரு பிளாட் வாங்குவதா?" என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொன்று: மாமி பிளானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம், பின்வளவிலுள்ள கறிவேப்பிலை மரத்தை வெட்டப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

வரும். நல்ல வீடு வரும். ஆனால் உங்கள் கையிலிருக்கும் பிளானைத் திருத்தி அதைக் கொண்டுவர முடியாது, புதிதாகத்தான் கீற வேண்டும். இப்படிப்பட்ட காணிக்கு நான் பிளான் தொடங்கும்போது, கட்டாமல் விடப்போகும் இடத்தைத்தான் முதலில் கீறுவேன். அறைகள் பிறகு அதைச் சுற்றி வந்து உட்காரும். உங்களுக்குக் கீறித் தந்தவர் அறைகளை எண்ணி அடுக்கிவிட்டு, மிச்சம் எங்கே என்று தேடியிருக்கிறார். மிச்சம் இல்லை. அதுதான் உங்களுக்குப் பெட்டியாகத் தெரிந்தது.

பிளானுக்கு முன்னால் ஒரு கேள்வி. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது? "மாமனார் வழி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மரணசாசனம் எழுதாமல் போயிருந்தால் மாமிக்கும், கண்ணாடி யோசனை சொன்ன மைத்துனருக்கும் காணியில் பங்கு இருக்கலாம். பங்குக் காணியில் மற்றவர் கையொப்பம் இல்லாமல் கட்டத் தொடங்கினால் வங்கிக் கடனும் இழுபடும், பிறகு குடும்பமும் இழுபடும். கட்டடக் கலைஞரிடம் கொடுக்கிற முதல் காசை ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து உறுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லையைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். 17 அடி என்பது பழைய உறுதியில் உள்ள 17 அடியா, இன்று மதிலுக்கு மதில் உள்ள 17 அடியா? இந்த அகலத்தில் ஆறு அங்குலம் தவறினால் படிக்கட்டு போய்விடும்.

எல்லை மட்டும் கட்டலாமா?

காணி உங்களுடையது, உண்மை. ஆனால் கொழும்பில் காணிச் சொந்தமும் கட்டும் உரிமையும் ஒன்றல்ல. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுத்துத்தான் இடிக்கவும் கட்டவும் வேண்டும். உங்கள் பகுதிக்கு மாநகர சபையில் விண்ணப்பிப்பீர்கள். முன்பக்கம் தெருக்கோடும் கட்டட எல்லைக்கோடும் உண்டு. ஒழுங்கையை ஒருநாள் அகலிப்பதற்காக உங்கள் காணிக்குள் அந்தக் கோடு சில அடி நுழைந்திருக்கலாம். அந்தக் கோட்டைக் காட்டும் சான்றிதழைக் கையில் எடுக்கும்வரை ஒருவரும் பேனை எடுக்கக் கூடாது. பின்பக்கமும் திறந்த வெளி விட வேண்டும், கட்டடம் உயர உயர அந்த வெளியும் கூடும். உங்களுக்கு நான் பின்னால் 10 அடி விட்டுத்தான் கீறுவேன்.

"பழைய வீடு இருக்கிறது, அதைத் திருத்துவதாகச் சொன்னால் அனுமதி தேவையில்லை" என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். அனுமதியில்லாத கட்டடத்தை நீதவான் நீதிமன்றக் கட்டளை பெற்று இடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி நடக்காவிட்டாலும், அனுமதித்த பிளான்படி கட்டியதற்குத் தரும், எல்லோரும் சீ.ஓ.சீ. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. விற்கும்போதும் கடனெடுக்கும்போதும் அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.

கிழக்குச் சுவர் யன்னல்கள்

இதில்தான் உங்கள் கணவருக்கு ஏமாற்றம் வரும். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் சுவரில் பக்கத்துக் காணியைப் பார்த்து யன்னல் வைக்க சபை விடாது. அன்ரி நல்ல மனதோடுதான் ஓம் என்று சொல்லியிருப்பார். ஆனால் ஒருவருடைய காணியின் மேல் மற்றவருக்கு உரிமை பிறக்க நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் இதுதான் நடைமுறை. வாய்ச்சொல் அன்ரியோடு போய்விடும். அவருடைய பிள்ளைகள் காணியை விற்றால், வாங்குபவர் மேற்கில் எழும்பியது போலக் கிழக்கிலும் ஏழு மாடி எழுப்புவார். உங்கள் யன்னலிலிருந்து அரை அடியில் அவருடைய சுவர் நிற்கும். ஆகவே இரண்டு பக்கமும் சுவர்தான் என்று இன்றைக்கே நினைத்துக்கொண்டு வீட்டை யோசியுங்கள்.

இதை ஒரு குறையாகவே எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து மேற்கே கடலுக்கு ஓடுகிறது, அதனால் வீட்டின் நீளச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. கொழும்பு வெயிலில் மோசமானது பின்னேர மேற்கு வெயில். அதை உங்களுக்காக அந்தத் தொடர்மாடி தாங்கிக்கொண்டு நிற்கிறது, வாடகை இல்லாமல். கடற்காற்றையும் அதுவே மறிக்கிறது என்பது மறுபக்கம். ஆனால் தென்மேல் பருவக்காற்று உங்கள் பின்வளவுப் பக்கமாக வரும், மார்கழி தை மாதத்து வடகீழ்க் காற்று வாசல் பக்கமாக வரும். முன்னும் பின்னும் திறந்து, நடுவில் தடையில்லாமல் ஒரு வழி விட்டால் வீடு மூச்சு விடும். பழைய வீட்டுக் கதவுகளுக்கு மேலே மரத்தில் பூ வெட்டிக் காற்றுக்கு இடம் விட்டிருப்பார்களே, உங்கள் வீட்டிலும் நிச்சயம் இருக்கும். இடிக்கும்போது அவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், புதிய அறைக் கதவுகளுக்கு மேலேயே போடலாம். ஏசி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் இரண்டு அறைக்குப் போடுங்கள். பகலில் ஏசி இல்லாமல் இருக்க முடியாத வீடு என்றால் அது என் கணக்கில் பிழையாகக் கீறிய வீடு.

முற்றமும் படியும்

வெளிச்சம் பக்கத்திலிருந்து வராது என்றால் மேலிருந்து வர வேண்டும். நடுவில் திறந்த முற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு உங்களுக்குத் தெரியும், அந்த முற்றத்தை 17 அடிக்குள் சுருக்கப் போகிறோம், அவ்வளவுதான். செட்டியார் தெருப் பக்கத்துப் பழைய கடைவீடுகளும் இப்படித்தான் ஒடுங்கி நீண்டு, நடுவில் வானம் பார்த்துக் கிடந்தன. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958 முதல் கொழும்பு 3, 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துத் தன் வீடாக்கினார். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் சுற்றிப் பார்க்கலாம். போகும்போது அலங்காரத்தைப் பார்க்காதீர்கள்; நடந்துகொண்டே, வெளிச்சம் எந்த எந்த இடத்தில் தலைக்கு மேலிருந்து விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

இப்போது 72 அடியைப் பங்கிடுகிறேன், நீங்களும் ஒரு தாளில் கீறிப் பாருங்கள். முன்னால் 17 அடி காருக்கு. ஒரு கார் நிற்க எட்டு அடிக்குப் பதினாறு அடி போதும், பக்கத்தில் வாசலுக்கு நடந்து வர வழி மிஞ்சும். அடுத்த 16 அடி மாமியின் அறையும் அதோடு ஒட்டிய குளியலறையும், ஓரமாக நான்கு அடி நடைபாதை. முழங்கால் வருத்தமுள்ளவருக்கு முதலாம் மாடியில் அறை வைத்திருக்கிறாரே உங்கள் பிளான்காரர், அவருக்கு ஒரு மாமி இல்லைப்போல. அடுத்த 12 அடியில் படிக்கட்டும் முற்றமும். அதற்குப் பின்னால் 17 அடி சாப்பாட்டு இடமும் குசினியும். கடைசி 10 அடி வெளி. கூட்டினால் 72.

சுவர்கள் போக உள்ளகலம் பதினைந்தரை அடி. மாடிக்கு மாடி 10 அடி உயரம் என்றால் 18 படி, ஒவ்வொன்றும் ஆறேமுக்கால் அங்குலத்துக்குள். நடுவில் திரும்பும் படிக்கட்டாக வைத்தால் ஆறரை அடி அகலத்தை எடுக்கும். நடக்க மூன்று அடி விட்டால் முற்றத்துக்கு ஆறடிக்குப் பன்னிரண்டடி கிடைக்கும். சின்னதுதான். ஆனால் படிக்கட்டை மூடிய சுவர் இல்லாமல் முற்றத்தைப் பார்க்க வைத்தால், இரண்டும் சேர்ந்து ஒரே வெளியாகத் தெரியும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வானம் கண்ணில் படும்.

ஹோல் எங்கே என்று கேட்பீர்கள். முதலாம் மாடியில், காருக்கு மேலே, ஒழுங்கையைப் பார்த்தபடி. கீழே ஹோல் வைக்கப் போனால் மாமியின் அறை மேலே போகும். வருகிற சொந்தக்காரர் எப்படியும் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தானே உட்காருகிறார்கள். ஹோலுக்குப் பின்னால் ஒரு படுக்கையறை, இரண்டாம் மாடியில் இரண்டு, மாமியுடையதோடு நான்கு. மனையடி சாத்திரம் பார்ப்பீர்கள் என்றால் அதிலும் தடையில்லை. வடக்கு வாசல் வீட்டில் பின்பக்கக் கிழக்கு மூலைதான் அக்கினி மூலை, குசினி தானாகவே அங்கே விழுகிறது. சாமியறையை ஹோலின் ஈசான மூலையில் வைக்கலாம்.

முற்றத்துக்கு மேலே என்ன போடுவது என்பதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு, மழை வராமல், இலை விழாமல் இருக்கட்டும் என்று முற்றத்தைத் தடித்த கண்ணாடியால் இறுக்கி மூடிக் கொடுத்தேன். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருசத்துக்கு அந்த வீட்டுக்காரர் எனக்குப் பலகாரம் தந்தார், முற்றத்துப் பக்கத்து மேசையில் அல்ல, வாசலில் நின்றபடி. உள்ளே வெக்கையில் இருக்க முடியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி, கூரைக்கு மேல் இரண்டரை அடி தூக்கி, நான்கு பக்கமும் சரிந்த தட்டிகள் வைத்தோம். சூடான காற்று மேலே போய் அந்த இடைவெளியால் வெளியேறும், மழை உள்ளே வராது. உங்களுக்கும் அதையே சொல்வேன். தட்டிக்குப் பின்னால் நுளம்பு வலை கட்டாயம். பீலியிலும் முற்றத்துப் பூச்சாடித் தட்டிலும் தண்ணீர் தேங்கினால் டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மழைத் தண்ணீரையும் சும்மா விடாதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினால், ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து ஏறக்குறைய 4,600 லீற்றர் இறங்கும். அதைக் கொண்டுபோகும் குழாய் வீட்டுக்கு அடியால் ஒழுங்கைக் கானுக்குப் போக வேண்டும். சிலாப் போட்ட பிறகு இது ஞாபகம் வந்தால் வீட்டை உடைக்க வேண்டும்.

கண்ணாடி முகப்பு பற்றி ஒரு வார்த்தை. மைத்துனர் ஊரில் வெயிலை உள்ளே எடுப்பதற்குக் கண்ணாடி. உங்கள் முகப்பு வடக்கைப் பார்த்தாலும், வைகாசி முதல் ஆவணி வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகும். நல்லகாலம், மத்தியானத்தில் அது மிக உயரத்தில் இருப்பதால் மூன்றடி நீட்டிய சிலாப் யன்னல் முழுவதற்கும் நிழல் தரும். இரவில் வெளிச்சம் போட்டால் எதிர்வீட்டுக்காரர் உங்கள் ஹோலை டிவி போலப் பார்ப்பார்கள் என்பதையும் மைத்துனருக்குச் சொல்லிவையுங்கள். அளவான யன்னல், வெளியே மரச் சட்டம் அல்லது துளைக்கல், அது போதும்.

நான்காவது மாடியும் பக்கத்துச் சுவரும்

நான்காவது மாடியை விடுங்கள். வாடகை வருமானம் வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மாடிக்காக அத்திவாரம் பெருக்கும், தூண் தடிக்கும், 15 அடி அகலத்தில் தூண் தடிப்பது அறையைத் தின்னும். தனி வீடாக விட்டால் இன்னொரு வாகனத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வியும் வரும். பதிலாக, நடைபாதை முடியும் இடத்தில், படி தொடங்கும் முன் ஒரு கதவுக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். பிள்ளைகள் இருவரும் எங்கே இருப்பார்கள் என்பது ஐந்து வருடத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கு அந்தக் கதவைப் போட்டால் கீழ்த்தளம் உங்களுக்கும் மாமிக்கும், மேலே இரண்டு தட்டும் தனி வழியோடு வாடகைக்கு. இப்போதே மேலுக்கும் கீழுக்கும் மின்சார வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிரித்து ஓடவிட்டால் செலவு அதிகம் இல்லை. பிறகு பிள்ளைகளுக்கு மாடிமாடியாக உறுதி எழுதலாம் என்று கணவர் நினைத்தால், அதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடிச் சொத்துச் சட்டத்தின் கீழ் தனி வரைபடம் வேண்டும். நிலத்தையே இரண்டாகப் பிரிப்பது இந்த அளவில் நடக்காது.

உச்சிச் சிலாப்பை வெறுமனே விடாதீர்கள். பகல் முழுக்கச் சூடேறி, இரவு பத்து மணிக்கு மகன் படிக்கும் மேசைக்கு மேல் அந்தச் சூட்டை இறக்கும். சிலாப்புக்கு மேல் இடைவெளி விட்டு ஒரு சாய்வுக் கூரை போடுங்கள், அல்லது சூரிய மின்தகடுகளைத் தூக்கிப் பொருத்தி நிழல் எடுங்கள். கடல் இவ்வளவு கிட்ட இருப்பதால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கம்பிக்கு வெளியே கொங்கிறீற் தடிப்பு குறையாமல் மேசன் பாஸ் வார்க்கிறாரா என்று நின்று பாருங்கள். அந்த ஒரு நாள் லீவு போட்டாலும் நட்டமில்லை.

எனக்குப் பெரிய பயம் அன்ரி வீட்டோடு உள்ள பொதுச் சுவர்தான். அவருடைய கூரை மரம் அந்தச் சுவரில்தான் ஏறி உட்கார்ந்திருக்கும். நீங்கள் இடித்தால் அவர் வீடு திறந்துபோகும். அந்தச் சுவரைத் தொடாமல், உங்கள் பக்கத்தில் தனிச் சுவர் எழுப்புவதுதான் பாதுகாப்பு. நான் சொன்ன பதினைந்தரை அடி அதற்கும் சேர்த்துத்தான், மிஞ்சிப்போனால் அங்குலக் கணக்கில் குறையும். அத்திவாரத்துக்கு எல்லை ஓரமாக ஒரே நீளமாகக் கிடங்கு வெட்ட விடாதீர்கள், துண்டு துண்டாக வெட்டி நிரப்பிப் போக வேண்டும். பக்கத்து நிலத்தைத் தாங்கி நிற்கும் மண்ணை எடுத்து அவர் சுவர் வெடித்தால் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. வேலை தொடங்கும் முன் அவருடைய வீட்டில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் திகதியோடு படம் எடுத்து, இருவரும் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இப்படியான வெடிப்புப் பரிசோதனை செய்து அறிக்கை தருகிறது. மேற்குப் பக்கத்துத் தொடர்மாடிக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் அதன் அத்திவாரம் எங்கே வந்து நிற்கிறது என்று பொறியியலாளர் அறிந்துகொள்ள வேண்டும். மண் பரிசோதனைக்கு ஒரு துளையாவது போட்டுப் பாருங்கள். பட்டய பொறியியலாளர் ஒருவரின் கையொப்பம் இல்லாமல் இந்தக் காணியில் நான் ஒரு தூண்கூட நிறுத்தமாட்டேன்.

கணவருடன் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய வீட்டுத் தரையில் சோக்கட்டியால் அந்த ஆறடிக்குப் பன்னிரண்டடி முற்றத்தையும் ஆறரை அடிப் படிக்கட்டையும் கீறுங்கள். மகனை நடுவில் நிற்க வையுங்கள். "இவ்வளவு இடத்தை வீணாக்குவதா" என்று அவர் கேட்டால், அங்கே ஒரு கதிரையைப் போட்டு அவரையே உட்கார வைத்துவிட்டு, மேலே இரண்டு ஓட்டைக் கழற்றிக் காட்டுங்கள். எப்படியும் ஒழுகுகிற ஓடுதானே.

அப்புறம் அந்தக் கறிவேப்பிலை மரம். பின்மதிலிலிருந்து அது எத்தனை அடியில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு அடிக்குள் என்றால் அப்படியே நிற்கட்டும், கட்டட வேலை முடியும்வரை சுற்றிப் பலகை அடித்து, சீமெந்துத் தண்ணீர் அடியில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைவிட முன்னால் நிற்கிறதென்றால் குசினியின் அந்த மூலையை மூன்று அடி உள்ளே மடக்கலாம், அல்லது வேரிலிருந்து கிளம்பும் கன்று ஒன்றை இப்போதே சாடிக்கு மாற்றலாம். எது என்று மாமியிடம் கேட்டு, அளவையும் சேர்த்து எழுதுங்கள்.